யாருடைய கை?

சில வருஷங்களுக்கு முன்னால் இலையுதிர்காலத் தொடக்கத்தில் டோக்கியோவில் சில நாள் தங்க நேர்ந்தது. அங்கே நிஹொன்பாஷியில் மிட்சுகோஷி என்ற பழைய பெரிய கடை இருக்கிறது. ஜப்பானிய மரபுக் கைவினைக் கண்காட்சி வருஷாவருஷம் அங்கேதான் தொடங்கும், அப்புறம் ஊர் ஊராகப் போகும். பீங்கான், நெசவும் சாயமும், அரக்கு, உலோகம், மரமும் மூங்கிலும், பொம்மை, மற்றவை என்று ஏழு பிரிவு. நான் போனது நெசவும் சாயமும் பார்க்க. அதாவது கிமோனோ பார்க்க.

பரிசுப் போட்டியும் சேர்ந்த கண்காட்சி அது. எனக்கு ஒரு விளையாட்டு தோன்றியது. சீட்டுகளைப் பார்க்காமல் நானே நடுவராக இருந்து மூன்று கிமோனோக்களைத் தேர்ந்தெடுப்பது, அப்புறம் உண்மையான நடுவர்கள் எதற்குப் பரிசு கொடுத்திருக்கிறார்கள் என்று போய்ப் பார்ப்பது. மூன்றில் ஒன்று ஒத்துப்போனது. பரவாயில்லையே என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டு கீழே இறங்கி சுரங்க ரயில் ஏறினேன்.

வண்டியில் எதிரே ஒரு வயதான அம்மா. சாம்பல் நிறத்தில் ஒரு கிமோனோ. வெறும் சாம்பல், ஒரு வேலைப்பாடும் இல்லைன்னுதான் முதல்ல நினைச்சேன். கூட்டம் நெருக்கித் தள்ளியதில் பக்கத்தில் போய் நின்றபோது பார்த்தால், அந்தச் சாம்பல் முழுக்க ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளிகள். ஆயிரக்கணக்கில், வரிசை பிசகாமல். அவர் இறங்க எழுந்து ஓர் எட்டு வைத்தார். விளிம்பு லேசாக விலகி உள்துணி ஒரு கணம் தெரிந்தது. நல்ல பழுத்த சீமைப்பனிச்சைப் பழ நிறம். அவ்வளவுதான், கதவு மூடியது.

ராத்திரி அறையில் கண்காட்சிப் புத்தகத்தைப் புரட்டும்போதுதான் உறைத்தது. நான் தேர்ந்தெடுத்த மூன்றும் தீப்பெட்டி அளவுப் படத்திலும் நன்றாக இருந்தவை. தூரத்திலிருந்து ஒரே பார்வையில் பிடிபட்டவை. அந்த அம்மாவின் கிமோனோ மேல்தளத்தில் தொங்கியிருந்தால் நான் நிற்காமல் கடந்து போயிருப்பேன்.

அன்றைக்கு ஆரம்பித்த கேள்விதான் இந்தக் குறிப்பு. கிமோனோவுக்குப் பரிசு கொடுப்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? எதைப் பார்க்க அவர்களுக்கு வாய்ப்பில்லாமல் போகிறது?

தொங்கும் துணி, உடுத்தின துணி

முதலில் கிமோனோ எப்படி உருவாகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சுருள் துணி. அகலம் சுமார் 37 சென்டிமீட்டர், நீளம் 12 மீட்டருக்குக் கொஞ்சம் கூட. அதை நேர்க்கோட்டில் மட்டும் வெட்டுவார்கள். உடலுக்கு இரண்டு நீளத் துண்டு, கைகளுக்கு இரண்டு, முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று மடிய இரண்டு, அப்புறம் கழுத்துப்பட்டை. வளைவு வெட்டு இல்லை, துண்டுத்துணி மிச்சம் இல்லை. தையலைப் பிரித்தால் மறுபடி சுருளாகவே வைத்துவிடலாம். அந்தக் காலத்தில் பிரித்துத்தான் துவைப்பார்கள். நைந்த பகுதியை உள்ளே தள்ளி, நல்ல பகுதியை வெளியே கொண்டுவந்து திரும்பத் தைப்பார்கள்.

இப்படி நேர்வெட்டாக இருப்பதால், கிமோனோவைக் கட்டையில் மாட்டினால் சுருக்கமே இல்லாமல் விரிந்து நிற்கும். கண்காட்சியில் முதுகுப்பக்கம் நம்மைப் பார்க்கிற மாதிரி, கைகளை விரித்துத்தான் மாட்டுகிறார்கள். ஒரு ஓவியச் சட்டம் மாதிரி ஆகிவிடும். யூசென் என்கிற சாய ஓவியக் கலையில் இந்தப் பரப்பு முழுவதையும் ஒரே படமாக எடுத்துக்கொள்வது உண்டு. துணியை முதலில் தற்காலிகமாக இழையோட்டித் தைத்துக்கொள்வார்கள். தண்ணீர் பட்டால் போய்விடும் ஒரு நீலப்பூச் சாற்றால் படத்தை வரைவார்கள். பிறகு தையலைப் பிரித்து, தட்டையான துண்டுகளில் ஒட்டரிசிப் பசையால் கோடு இழுத்து, கோட்டுக்குள் சாயம் தீட்டி, ஆவியில் வேகவைத்து, அலசி, திரும்பத் தைப்பார்கள். பசை இருந்த இடம் மெல்லிய வெள்ளைக் கோடாக நிற்கும். ஒரு கிளை முதுகிலிருந்து தோளைத் தாண்டிக் கைக்குப் போகிறது என்றால், மூன்று துண்டுகளில் தனித்தனியாகச் சாயமேறிய கிளை தையலில் வந்து பொருந்த வேண்டும்.

நடுவர்களில் பலர் இதையெல்லாம் தன் கையால் செய்கிறவர்கள். அருங்காட்சியக அறிஞர்களும் உடன் இருப்பார்கள். நான் நிறத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற இடத்தில் அவர்கள் தையலைப் பார்த்திருப்பார்கள். பசைக்கோடு எங்கே நடுங்கியது, சாயம் எங்கே கசிந்தது என்பது அவர்களுக்கு எட்ட நின்றே தெரியும். அந்தக் கண்ணை நான் குறைத்துப் பேச வரவில்லை. எனக்கு அது கிடையாது.

ஆனா உடுத்தினா என்ன ஆகுது பாருங்க. முன்பக்கத்தில் ஒரு மடிப்பு இன்னொன்றின் அடியில் போய்விடும். பெண்கள் கிமோனோவில் இடுப்பில் ஒரு சாண் துணியைத் தூக்கி மடித்துக் கட்டுவார்கள். அதன்மேல் முப்பது சென்டிமீட்டர் அகல ஓபி, பின்னால் அதன் முடிச்சு. கட்டையில் எது படத்தின் நடுவோ, உடலில் சரியாக அந்த இடத்தின் மேல்தான் ஓபி உட்காருகிறது. கட்டையில் முக்கால்வாசி மறைந்து கிடக்கிற உள்துணி, நடக்கும்போதுதான் பேச ஆரம்பிக்கும். ரயிலில் நான் பார்த்த அந்தப் பழ நிறம் மாதிரி.

ஆக ஒரே துணியில் இரண்டு கிமோனோ இருக்கிறது. போட்டி ஒன்றுக்கு மதிப்பெண் போடுகிறது.

முதுகைக் காட்டும் பழக்கம்

இதைச் சொன்னதும், கட்டையில் மாட்டிப் பார்ப்பது மேற்கத்திய அருங்காட்சியகம் கொண்டுவந்த வழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தேடிப் பார்த்தால் கதை வேறு. 1660களிலேயே ஜப்பானில் ஆடை வடிவப் புத்தகங்கள் அச்சாகத் தொடங்கிவிட்டன. இன்றைய கிமோனோவின் முன்னோடிக்குக் கோசோதே என்று பெயர். பக்கத்துக்கு ஒரு கோசோதே, முதுகு தெரிகிற மாதிரி, ஆள் இல்லாமல் வரையப்பட்டிருக்கும். துணிக்கடைக்காரரும் வாங்குபவரும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டார்கள்.

அதற்கும் முன்னால், 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 17ஆம் நூற்றாண்டிலும், மடிப்புத் திரைகளில் ஒரு வகை ஓவியம் வந்தது. கட்டையில் ஆடைகள் தொங்கும். ஆள் பெரும்பாலும் இருக்க மாட்டார். அந்த வகைத் திரைக்கு வழங்கும் பெயர் "தகாசோதே". யாருடைய கை என்று பொருள், சட்டைக்கை. இதைக் கழற்றி மாட்டிவிட்டுப் போனது யார், இந்தக் கைக்குள் இருந்த கை யாருடையது என்று பார்க்கிறவர் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய ஜப்பானியர்களும் கட்டையில் மாட்டித்தான் ரசித்திருக்கிறார்கள். ஆனால் கட்டையைப் பார்க்கும்போதே அங்கே இல்லாத ஆளை நினைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த இடம் முக்கியம்.

இன்னொரு சான்றும் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஓபி குறுகலாக இருந்தது. அப்போதைய கோசோதேக்களில் ஒரு பெரிய உருவம் வலது தோளில் ஆரம்பித்து வளைந்து கீழ்விளிம்புவரை இறங்கும், இடதுபுறம் வெறுமையாகக் கிடக்கும். பிறகு ஓபி அகலமாகிக்கொண்டே போனது. பெரிய உருவத்தை அது இரண்டாக வெட்டியது. வடிவமைப்பாளர்கள் மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று என்று பிரித்துப் பார்த்தார்கள். கடைசியில் மேல்பாதியை வெறுமையாக விட்டு, வேலைப்பாட்டையெல்லாம் கால்பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். எந்த நடுவர் குழுவும் கூடி எடுத்த முடிவு இல்லை இது. இடுப்பில் கட்டின ஒரு பட்டை தீர்ப்புச் சொன்னது.

கறுப்பு உடுத்தி ஜெயித்தவள்

போட்டி என்று வந்தால் ஜப்பானிய ஆடை வரலாற்றில் எல்லாரும் சொல்லும் ஒரு கதை உண்டு. ஓவியர் ஒகாதா கோரின் (1658–1716) கியோட்டோவின் பெரிய துணிக்கடைக் குடும்பத்தில் பிறந்தவர். கரிகானேயா என்பது கடையின் பெயர். அரசி தோஃபுகுமோன்இன்தான் அந்தக் கடையின் பெரிய வாடிக்கையாளர். அவர் 1678இல் காலமான பிறகு கடை நொடித்துப்போனது. கோரினுக்கு ஒரு புரவலர் இருந்தார், நகாமுரா குரனோசுகே. வெள்ளிக்காசு அடிக்கும் சாலையின் அதிகாரி, கையில் பணம் புரள்கிறவர்.

கியோட்டோவின் பணக்கார வீட்டு மனைவிமார் ஹிகாஷியாமாவில் கூடி யார் ஆடை சிறந்தது என்று பார்க்க ஏற்பாடு செய்தார்களாம். குரனோசுகேயின் மனைவிக்கு யோசனை சொன்னவர் கோரின். எல்லாரும் பொன்னிழையும் பூவேலையுமாக வந்து இறங்க, இந்த அம்மா உள்ளே வெள்ளை, மேலே வேலைப்பாடே இல்லாத கறுப்புப் பட்டு. ஆனால் கூட வந்த பணிப்பெண்கள், மற்ற மனைவிமாருக்குக் குறையாத பகட்டில் இருந்தார்கள். கூட்டம் அசந்துபோனது.

18ஆம் நூற்றாண்டில் கன்சாவா தோகோ தொகுத்த "ஒகினாகுசா" என்ற நூலில் இது இருக்கிறது. சம்பவத்துக்குப் பல பத்தாண்டுகள் கழித்து எழுதப்பட்டதால் வரலாறு என்பதைவிடச் செவிவழிக் கதை என்று எடுத்துக்கொள்வதே சரி. ஆனால் கதை எதைப் பாராட்டுகிறது என்று பாருங்கள். அந்தக் கறுப்புப் பட்டைக் கழற்றித் தனியாகக் கட்டையில் மாட்டினால் அதில் பார்க்க ஒன்றுமில்லை. சுற்றி நின்ற நிறங்களுக்கு நடுவே, ஓர் ஆளின் மேல், அந்த வேளையில் அது ஜெயித்தது. கோரினுக்குப் பூ வரையத் தெரியாமலா? அவர் நேரடியாகத் துணியில் இலையுதிர்காலப் பூக்களை வரைந்த ஒரு கோசோதே இன்றும் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரையத் தெரிந்தவரே வரையாமல் விட்டதால்தான் அந்தக் கதை இத்தனை நாள் நிலைத்தது.

இன்றைய போட்டிக்கு அந்தக் கறுப்பை அனுப்பினால் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிடும். அதற்கு நடுவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் முன்னால் பணிப்பெண்கள் நிற்கவில்லையே.

கடை நடத்திய போட்டி

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடுவர் நாற்காலி பெரிய கடைகளிடம் போனது. ரஷ்யப் போர் முடியும் சமயத்தில், 1905ஐ ஒட்டி, மிட்சுகோஷி இருநூறு வருஷம் பழைய கென்ரோகு காலப் பாணியைத் திரும்பக் கொண்டுவந்து பெரிய அலையாக்கியது. அந்தப் பாணியில் புது வடிவங்கள் கேட்டுப் பரிசும் அறிவித்தது. தகஷிமாயா 1913இல் ஹியாகுசென்காய் என்ற ஒன்றைத் தொடங்கியது. பருவத்துக்கு ஒரு கருப்பொருளும் நிறங்களும் அறிவிப்பார்கள், நெசவூர்களும் சாயக்காரர்களும் அதற்கேற்பச் செய்து அனுப்புவார்கள், அதிலிருந்து தேர்வு. அதன் ஆலோசகர்களில் ஒருவராக இருந்தவர் கவிஞர் யோசானோ அகிகோ. நிறங்களுக்குப் பெயர் சூட்டினார், அந்தந்தப் பருவத்துக்குக் கவிதையும் எழுதிக் கொடுத்தார்.

கவிஞருக்குத் துணிக்கடையில் என்ன வேலை என்று கேட்கலாம். எனக்கு அது சரியான ஆள் என்றுதான் படுகிறது. ஒரு நிறத்துக்குப் பெயர் வைக்கிறவர் அதை யார், எந்த மாதத்தில், எங்கே உடுத்திப் போவார் என்று நினைக்காமல் வைக்க முடியாது. கடைக்கு லாப நோக்கம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் லாபம் வேண்டுமென்றால் யாராவது வாங்கி உடுத்தியாக வேண்டும். அந்தக் கட்டாயம் ஆளை மறக்க விடவில்லை.

அதே காலத்தில் எந்தக் கலைப் போட்டியும் ஏறெடுத்துப் பார்க்காத ஒரு துணி நாடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. மெய்சென் என்று பெயர். இசேசாகி, அஷிகாகா, சிச்சிபு போன்ற ஊர்களில் நெய்தார்கள். நல்ல பட்டு நூலாக இழுக்க முடியாத பட்டில் செய்த மலிவுத் துணி. பாவு நூலிலேயே வடிவத்தை அச்சடித்துவிட்டு நெய்வதால் உருவங்களின் ஓரம் லேசாகக் கலங்கி நிற்கும். பெரிய ரோஜா, கோணல்மாணல் கட்டங்கள், ஐரோப்பிய ஓவியத்திலிருந்து எடுத்த வடிவங்கள், கண்ணைப் பறிக்கும் நிறங்கள். பள்ளி மாணவிகளும் வேலைக்குப் போகும் பெண்களும் 1920களிலும் 30களிலும் அதைத்தான் உடுத்தினார்கள். "சமகாலக் கிமோனோ" என்ற பெயர் அன்றைக்கு எதற்காவது பொருந்தியதென்றால் மெய்சென்னுக்குத்தான். இப்போது அருங்காட்சியகங்கள் தேடித் தேடிச் சேர்க்கின்றன. அன்று அதைத் தேர்ந்தெடுத்த நடுவர்கள், கையில் கொஞ்சம் காசு வைத்திருந்த பெண்கள்.

போருக்குப் பிறகு

இப்போதைய கண்காட்சியின் வேர் 1950இல் வந்த பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. போரில் தோற்று, கையொழுக்கமான தொழில்கள் அழிந்துகொண்டிருந்த நேரம். கட்டடம், சிலை மாதிரி கைத்திறனையும் காக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. 1954இல் முதல் கண்காட்சி. 1955இல் அந்தத் திறன்களை வைத்திருப்பவர்களை அரசு அங்கீகரிக்கத் தொடங்கியது. மக்கள் வழக்கில் அவர்களுக்கு "மனித தேசியப் பொக்கிஷம்" என்று பெயர். முதல் ஆண்டிலேயே அந்த அங்கீகாரம் பெற்றவர்களில் கொமியா கோசுகே ஒருவர். அவர் செய்தது எதோ கொமோன். காகித அச்சில் நுண்புள்ளி வெட்டி, பசை தடவிச் சாயமேற்றும் கலை. ரயிலில் நான் பார்த்தது அந்த வகைதான்.

ஆக, இந்த அமைப்பின் முதல் நோக்கம் காப்பாற்றுவது. அதைச் செய்தது, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஷிமுரா ஃபுகுமியை எடுத்துக்கொள்ளுங்கள். 1924இல் பிறந்தவர், ட்சுமுகி நெய்பவர். ட்சுமுகி என்பது நூல் இழுக்க லாயக்கில்லாத கூடுகளைப் பஞ்சாக்கி நூற்ற பட்டு, குடியானவர் வீட்டுத் துணி. என்ன விலை போட்டு வாங்கினாலும் முறைப்படியான கல்யாண விருந்துக்கு அதை உடுத்திப் போக முடியாது. அவர் மிச்ச நூல்களை முடிந்து முடிந்து, அவுரி நீலத்தின் ஏற்ற இறக்கத்தில் நெய்த "அகிகசுமி" 1958 கண்காட்சியில் பரிசு பெற்றது. 1990இல் தேசியப் பொக்கிஷம் ஆனார். ஆடைப் படிநிலையில் ட்சுமுகிக்கு இன்றும் இடம் கீழேதான். ஆனால் கட்டையில் எல்லாத் துணியும் ஒரே உயரத்தில் தொங்குகிறது. உடுத்தும் இடத்தில் இருந்த ஏற்றத்தாழ்வு அங்கே செல்லாது. கட்டைக்கு இப்படி ஒரு நியாயமும் இருக்கிறது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

அந்த நியாயத்துக்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. நுட்பம் மரபாக இருக்க வேண்டும், கிமோனோவின் வெட்டு மாறாது, ஆனால் படைப்பு புதிதாக இருக்க வேண்டும் என்றால், புதுமை எங்கே போய் உட்காரும்? பரப்பில்தான். வடிவத்திலும் நிறத்திலும்தான். எழுபது வருஷமாகப் போட்டி இந்தப் பரப்பை மட்டும் கூர்தீட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அதே காலத்தில் வெளியே என்ன நடந்தது? கிமோனோச் சந்தை 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 1.8 லட்சம் கோடி யென். இப்போது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. வாங்குபவர்கள் போய்விட்டார்கள், தகஷிமாயாவின் அந்தக் கட்டாயம் தளர்ந்துவிட்டது. பரிசு பெற்ற கிமோனோ அருங்காட்சியகத்துக்குப் போவது இயல்பான முடிவாகிவிட்டது. அங்கே போனால் யாரும் அதைப் பிரித்துத் துவைக்கப் போவதில்லை, தேய்ந்த விளிம்பை உள்ளே தள்ளித் தைக்கப் போவதில்லை.

மொரிகுச்சி வீட்டு அப்பாவும் பிள்ளையும்

கட்டையையும் உடலையும் சேர்த்து நினைத்தவர்கள் இந்தப் போட்டிக்குள்ளேயே இருந்தார்கள். எனக்குப் பிடித்த உதாரணம் கியோட்டோவின் மொரிகுச்சி குடும்பம். அப்பா மொரிகுச்சி ககோ (1909–2008), யூசென் கலைஞர். அரக்கு வேலையில் பொற்பொடி தூவுவதைப் பார்த்து, காய்ந்த பசையைப் பொடித்துத் துணியில் தூவும் முறையைத் தன் கையெழுத்தாக்கினார். சாயமேறிய பின் அந்தத் துகள் இருந்த இடமெல்லாம் பனித்தூறல் மாதிரி நிற்கும். 1967இல் தேசியப் பொக்கிஷம்.

பிள்ளை குனிஹிகோ 1941இல் பிறந்தவர். 1963இல் பாரிஸ் போய் அலங்காரக் கலைப் பள்ளியில் அச்சு வடிவமைப்புப் படித்தார். அங்கேயே தங்கிவிட நினைத்தவரை, ஊருக்குத் திரும்பி யூசென் செய் என்று தூண்டியவர் ஓவியர் பால்தூஸ். 1966இல் திரும்பினார். அப்பாவின் பசையும் தூரிகையும் அதே, படம் வேறு. சதுரம், கோணம், கட்டம். ஓர் அலகு தோளில் சின்னதாக ஆரம்பித்து, கொஞ்சங்கொஞ்சமாகப் பெருத்தோ சாய்ந்தோ கீழ்விளிம்புவரை இறங்கும். 2007இல் அவரும் தேசியப் பொக்கிஷம் ஆனார். அப்பா அப்போது உயிரோடு இருந்தார்.

அவர் வேலை கட்டையில் கண்ணைக் கட்டும், சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் ஓர் ஒழுங்கு ஓடுகிறது. ஓபி எந்த இடத்தை மறைத்தாலும் மேலே பார்த்த கணக்கு கீழே தொடர்வது தெரியும், நடுவில் மறைந்ததைக் கண் தானாக நிரப்பிக்கொள்ளும். நடக்கும்போது துணி மடிய, நேர்க்கோடு வளைகிறது. ஆள் உள்ளே வந்தால் படம் கெடுவதில்லை, இன்னொரு படமாகிறது. நடுவர்கள் இவரைத் தேர்ந்தெடுத்தது சரியான தேர்வு. ஆனால் மேலே சொன்ன காரணத்துக்காகத்தான் தேர்ந்தெடுத்தார்களா என்று கட்டையைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

2014இல் மிட்சுகோஷி தன் கடைப் பைக்கு குனிஹிகோவின் கிமோனோ ஒன்றிலிருந்து வடிவம் எடுத்தது. நான் கண்காட்சி பார்த்துவிட்டு இறங்கியபோது தெருவில் பாதிப் பேர் கையில் அந்தப் பை. மேல்தளத்தில் கிமோனோக்கள் அசையாமல் நிற்கின்றன, கீழே கிமோனோவின் படம் காகிதத்தில் ஊர் சுற்றுகிறது. சிரிப்பதா வருத்தப்படுவதா தெரியலை.

சாந்தோம் கோடு

நம் கடற்கரைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கோடு போட்ட துணிக்கு ஜப்பானியத்தில் "ஷிமா" என்று பெயர், தீவுக்கும் அதே ஒலிதான். தெற்குக் கடல் தீவுகள் வழியாகக் கப்பலில் வந்த சரக்கு என்பதால் அந்தப் பெயர் என்று விளக்குவார்கள். அப்படிப் போன கோட்டுத் துணிகளில் ஒன்றுக்கு "சான்தோமெ-ஜிமா" என்று பெயர். போர்ச்சுகீசியர் மயிலாப்பூர்க் கரைக்கு வைத்த சான் தொமே என்ற பெயர்தான் அது. சோழமண்டலக் கரையின் பருத்திக் கோட்டுத் துணி எதோ நகரத்துக்காரர்களுக்குப் பித்துப் பிடித்த பொருளானது. பிறகு அவர்களே அதைப் பார்த்து நெய்துகொண்டார்கள்.

அரசு பகட்டைத் தடைசெய்தபோது, நகரத்து மக்கள் பழுப்பிலும் சாம்பலிலும் மெல்லிய கோட்டிலும் தங்கள் மிடுக்கைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு "இகி" என்று பெயர். கூகி ஷூசோ என்ற தத்துவ ஆசிரியர் 1930இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். கிடைக்கோட்டைவிட நெடுக்கோடுதான் இகி என்பது அவர் கட்சி. பக்கத்தில் பக்கத்தில் ஓடியும் ஒட்டாத இரண்டு கோடுகளில், நெருங்கியும் சேராமல் நிற்கும் ஆண் பெண் இழுப்பை அவர் பார்த்தார்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. சாந்தோம் கோட்டுத் துணி ஒன்றைக் கட்டையில் விரித்தால் கோடுகள் பலகை மாதிரி நிற்கும், அவ்வளவுதான். உடுத்தினவர் லேசாகத் திரும்பினால்தான் கோடு இடுப்பில் ஒடுங்கிக் காலில் விரியும். மயிலாப்பூர்க் கரையிலிருந்து போன ஒரு துணி, அங்கே ஒரு முழு அழகுக் கொள்கைக்கே உதாரணமானது, தெருவில் நடந்து காட்டித்தான்.

நடுவருக்கு ஒரு விண்ணப்பம்

போட்டியை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. ஷிமுராவை அது நமக்குக் கொடுத்தது. கொமியாவின் கலை குடும்பத்தோடு போய்விடாமல் காத்தது. கேட்பது சின்ன விஷயம். கடைசிச் சுற்றில் பத்து கிமோனோ மிஞ்சுகிறது என்றால், அந்தப் பத்தையும் பத்துப் பேருக்கு உடுத்தி, ஓபி கட்டி, நடக்கவும் உட்காரவும் சொல்லிப் பார்க்கட்டும். எட்ட நின்று ஒருமுறை, தொடும் தூரத்தில் ஒருமுறை. இவ்வளவு விலையுள்ள துணி அழுக்காகும் என்று சொல்வார்கள். ஆடை அழுக்காகும்தான்.

இதையெல்லாம் எழுதிவிட்டு அந்தக் கண்காட்சிப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். படங்களைப் பார்க்காமல், ஒவ்வொன்றிலும் ஓபி எங்கே விழும் என்று ஒரு தாள் பட்டையை வெட்டி வைத்து மறைத்துப் பார்த்தேன். நான் அன்று தேர்ந்தெடுத்த மூன்றில் இரண்டு அங்கேயே விழுந்துவிட்டன. முன்பு நான் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போன ஒரு வெளிறிய ட்சுமுகி, பட்டை வைத்ததும் நிமிர்ந்து நின்றது. அதற்குப் பரிசு எதுவும் இல்லை. யார் உடுத்துவார் என்று கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த ரயில் அம்மாவுக்குப் பொருந்தும் என்று பட்டது.